அசல் சான்றிதழ் கல்லூரியில், ஆள் சார்ஜாவில்: ஒரு நிகழ்வு ஆய்வு

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு கடற்கரைக் கிராமம். பையனுக்கு வயது 20. கவுன்சலிங்கில் கிடைத்த இடத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தான். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, முதல் பட்டதாரி சலுகை, மீதிக்கு வங்கியில் கல்விக் கடன். நான்கு செமஸ்டர் முடிந்தபோது கையில் ஏழு அரியர். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா கருவாடு போடுகிறார். தங்கை பதினொன்றாம் வகுப்பு. ஜூன் மாதக் கடைசியில் ஒருநாள் பையன் திருச்சியிலிருந்து விமானம் ஏறிவிட்டான். கல்லூரிக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இந்தப் பையன் ஒரே ஆள் அல்ல. பல வீடுகளில் நடப்பதை ஒருவன் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். அவன் செலவுக் கணக்காக வரும் தொகைகள் மாதிரிக்காக வைத்தவை. சட்டமும் விதியும் கட்டண வரம்பும் உள்ளது உள்ளபடி.

படிப்பை விட்டதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏழு அரியரோடு நிற்கிறவனுக்கு வளைகுடா ஒரு நியாயமான வழிதான். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் சபராளி, அதாவது வெளிநாட்டில் பிழைக்கும் ஆள், இல்லாத தெரு கிடையாது. எங்கள் கணிப்பில் இவனுக்கு நேர்ந்த நஷ்டத்தில் பெரும்பகுதி போனதால் வரவில்லை, காகிதத்தை முடிக்காமல் போனதால் வந்தது.

ஏன் ஜூன்?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், பங்கு கிடையாது. அரசின் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் (2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவிக்கும்வரை 5,000). தடை முடிந்து முதல் தங்கல் (கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) போய் வரும் காசு, படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் கழிந்துவிடும். கல்லூரியின் அடுத்த ஆண்டுக் கட்டணமும் விடுதிப் பணமும் சரியாக அதே வாரங்களில் வந்து நிற்கும். செமஸ்டர் முடிவு வரும் காலமும் அதை ஒட்டியதே. ஆண்டிலேயே காசு மிகவும் குறைந்த மாதத்தில், மனமும் சோர்ந்த வேளையில், சார்ஜாவிலிருந்து மாமா கூப்பிடுகிறார்: "விசிட்ல வந்துரு மாப்ளே, இங்க பாத்துக்கலாம்." அதே அழைப்பு செப்டம்பரில் வந்திருந்தால் வீட்டில் இன்னொரு மாதம் யோசித்திருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் பொறி

இந்தக் கரையில் ஈசிஆர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிழக்குக் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்பது வேறு: குடியகல்வு அனுமதி தேவை என்ற குறி. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்தக் குறி விழாது. பையனுடையதும் அப்படி அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட். வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

பெருமை ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறையில் அதன் பொருள் என்ன? ஈசிஆர் பாஸ்போர்ட்காரர் அமீரகத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போனால் 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி அவருடைய ஒப்பந்தம் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏறவேண்டும். சம்பளம், முதலாளி, வேலையின் பெயர் எல்லாவற்றையும் ஓர் அரசு அதிகாரி பார்த்த பிறகுதான் அனுமதி. பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். எட்டாவது படித்த கொத்தனாருக்கு இந்த வேலி உண்டு. இன்ஜினியரிங் பாதி படித்தவனுக்குக் கிடையாது, அவன் ஒப்பந்தத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். அனுமதி தேவையில்லாதவர்களும் பதிவுசெய்ய வேண்டும் என்று 2018 கடைசியில் அறிவித்து, பிறகு அதை நிறுத்தி வைத்தார்கள். விருப்பப்பட்டால் பதியலாம். பையன் பதியவில்லை. விசிட் விசாவில் போகிறவனிடம் பதிவதற்கு ஒப்பந்தமே இல்லையே.

இடையில் இருந்த 'ஏஜென்ட்' உண்மையில் ஒரு டிராவல்ஸ்காரர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும். அந்த எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் தட்டினால் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். உரிமம் உள்ளவரே வேலை தேடுகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. சப்-ஏஜென்ட் என்ற வகையே சட்டத்தில் இல்லை. பையனிடம் டிக்கெட், 60 நாள் விசிட் விசா, இன்சூரன்ஸ் சேர்த்து 38,000, அதற்கு மேல் 'வேலை உறுதி' என்று 60,000. கைச்செலவுக்கு 20,000. மொத்தம் 1,18,000. அதில் 80,000 அம்மாவின் நகை அடகில் வந்தது. ரசீது 38,000 ரூபாய்க்கு மட்டும்.

பெயர் விஷயத்தில் பையன் தப்பித்தான். நம் பக்கத்தில் பெயருக்கு முன் ஓர் எழுத்துதான் இனிஷியல், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாகக் கிடக்கும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட், சுற்றுலா விசாவில் வருகிறவர்களை 2022 நவம்பர் முதல் அமீரகம் ஏற்பதில்லை. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் விடுவதாகப் பிறகு விளக்கினார்கள். கவுண்டரில் வாதாடி விமானத்தைத் தவறவிடுவதைவிட, மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் மறுபதிப்புக்குப் போட்டு அப்பா பெயரை சர்நேமாக ஏற்றிக்கொள்வது மேல். இவனுக்குப் பள்ளியிலேயே இனிஷியலை விரித்து எழுதியிருந்தார்கள்.

எண்பத்து மூன்று நாள்

சார்ஜாவில் பன்னிரண்டாம் நாள் ஒரு வன்பொருள் கடையில் 'டிரையல்' என்று நிறுத்தினார்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். பிடிபட்டால் முதலாளிக்கு 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு லட்சம் திர்ஹமிலிருந்து பத்து லட்சம்வரை அபராதம், ஆளை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அதனால் சரக்கு வைக்கும் பின்கட்டில் மட்டும் வேலை. கூலி கிடையாது.

நாற்பதாம் நாள் கடைக்காரருக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று. விற்பனையாளராக எடுக்கிறேன் என்றார். அமீரகத்தின் மனிதவள அமைச்சகம் வேலைகளை ஒன்பது தட்டாகப் பிரிக்கிறது. ஒன்றும் இரண்டும் பட்டம் உள்ளவர்களுக்கு. மூன்று, நான்குக்கு டிப்ளமோ. ஐந்து, அதாவது கடை விற்பனை, சேவை வேலைகள், பிளஸ் டூ உள்ளவர்களுக்கு. ஐந்துவரைதான் 'திறன் உள்ள' தொழிலாளி. அதற்குச் சான்றொப்பம் பெற்ற சான்றிதழும் 4,000 திர்ஹம் சம்பளமும் வேண்டும். (மீன்பிடித் தொழில் ஆறாவது தட்டில் கிடக்கிறது. காற்றையும் நீர்வாட்டையும் பார்த்து வலை இறக்கத் தெரிந்த அப்பா அங்கே போனால், மகனைவிட ஒரு தட்டு கீழே.)

பையன் படித்த நான்கு செமஸ்டருக்கு இந்த ஏணியில் படியே இல்லை. காகிதக் கணக்கில் அவன் பிளஸ் டூ. இரண்டு ஆண்டு ஐடிஐயில் ஃபிட்டர் முடித்தவனிடம் ஒரு தேசியத் தொழிற்சான்றிதழ் இருக்கும். இரண்டு ஆண்டு பி.இ. படித்தவனிடம் மதிப்பெண் தாள்கள் மட்டும் இருக்கும்.

சரி, பிளஸ் டூ சான்றிதழாவது? அசல் கல்லூரியில். கையில் லேமினேட் செய்த ஒரு நகல்.

ஒரே முத்திரையை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லை. ஆகவே சான்றிதழுக்கு முத்திரைகள் வரிசையாக விழவேண்டும்: முதலில் மாநில அரசின் உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு, அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம். ஒன்றைத் தாண்டி ஒன்று விழாது. முத்திரை எல்லாம் அசலில்தான். லேமினேட் செய்த அசலில்கூடக் குத்தமாட்டார்கள், பிரிக்கச் சொல்வார்கள். பிரிக்கும்போது மை உரிந்து வந்த கதைகள் உண்டு. சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள் என்பதைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

அறுபதாம் நாள் விசா முடிந்தது. அதன்பின் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். கடைக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு, எண்பத்து மூன்றாம் நாள், சான்றிதழ் கேட்காத ஒன்பதாவது தட்டில் 'ஹெல்பர்' என்று போட்டு எடுத்தார். சம்பளம் 1,300 திர்ஹமும் தங்க இடமும்.

வேலை உறுதிக் கடிதம் போனில் வந்தது. அமைச்சகத்தின் படிவம் அரபு, ஆங்கிலம், தொழிலாளியின் மொழி என மூன்றிலும் வரும். கொடுக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. பையனுக்கு வந்ததில் தமிழ்ப் பத்தி இருந்தது: தொழில், அடிப்படைச் சம்பளம், படி, சோதனைக் காலம். சட்டப்படி சோதனைக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. அடிப்படைச் சம்பளம் 700, மீதி 600 படி. அங்கே பணிக்கொடை கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். பையன் கீழே இழுத்து, கையெழுத்துக் கட்டத்தில் விரலை வைத்தான். தமிழில் எழுதியிருந்ததையே படிக்கவில்லை.

கல்லூரி ஜன்னலில்

அம்மா ஆகஸ்டில் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். மஞ்சள் பையில் ஆதாரும் கட்டண ரசீதுகளும்.

"பையன் நேர்ல வரணும்மா. வரலேன்னா மீதி ரெண்டு வருஷ பீஸக் கட்டிட்டு டிசியோட வாங்கிக்கிட்டுப் போங்க."

"அவன் சார்ஜாவுல இருக்கான் சார். லெட்டர் எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாப் பத்தாதா?"

பத்தாது என்றார்கள். அங்கேதான் மூன்று வாரம் போயிற்று.

விலகும் மாணவரிடம் அடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக்கூடாது, அசல் சான்றிதழ்களை ஏழு நாளில் திருப்ப வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏஐசிடிஇ) விதி சொல்கிறது. சேர்க்கையின்போதே அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே கொடுத்துவிட வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நிலை. பாக்கிக்கு ஈடாகச் சான்றிதழைப் பிடித்துவைக்க அது விற்பனைப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஜன்னலில் இதையெல்லாம் வாயால் சொல்லிப் பயனில்லை. முதல்வர் பெயருக்கு ஒரு கடிதம்: பதிவு எண், கடைசியாக வகுப்புக்கு வந்த நாள், என்னென்ன அசல் வேண்டும் என்ற பட்டியல், யாரிடம் கொடுக்கலாம் என்ற அதிகாரம், அவருடைய ஆதார் நகல். கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து, கல்லூரியில் பதிவான மின்னஞ்சலிலிருந்தே அனுப்ப வேண்டும். அதன் அச்சுப்படியை ஒப்புகையோடு விரைவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். அம்மா இதைச் செய்தபின் ஒன்பதாம் நாள் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் டிசியோடு கொடுத்தார்கள். இந்த நிகழ்வில் மிகப்பெரிய தவறு இதுவென்று நினைக்கிறோம். அசலை வாங்குவது வேறு, படிப்பை முடித்துக்கொள்வது வேறு. அண்ணா பல்கலைக்கழக விதியில் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' இருக்கிறது. சரியான காரணத்தோடு, அந்த செமஸ்டர் தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்தால் ஓராண்டு இடைவெளி கிடைக்கும். மொத்தப் படிப்பையும் 14 செமஸ்டருக்குள், அதாவது ஏழு ஆண்டுக்குள், முடித்தால் போதும். ஆகஸ்டில் ஐந்தாம் செமஸ்டர் தொடங்கியதுதான், தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. பிளஸ் டூ அசலை மட்டும் கேட்டு, இடைவெளிக்கும் விண்ணப்பித்திருந்தால் இடம் ஓராண்டுக்கு உயிரோடு இருந்திருக்கும். ஒன்றும் எழுதாமல் நின்றாலும் வருகைக் குறைவு விழும். அது அனுமதித்த இடைவெளி ஆகாது.

டிசி விழுந்ததும் கடன் விழித்துக்கொண்டது. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது என்பதெல்லாம் படிப்பைத் தொடர்கிறவனுக்கு. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டமும், மருத்துவக் காரணம் தவிர வேறெதற்காகவும் பாதியில் நிறுத்தியவனுக்கு நின்றுபோகும். அப்பா கூட்டுக் கடன்தாரர். தவணை 90 நாள் நின்றால் வாராக் கடன், அப்பாவின் சிபில் மதிப்பெண்ணிலும் அடி. வங்கிக் கடிதம் வந்தபோது வீட்டில் இரண்டு மாதம் பிரிக்காமலேயே வைத்திருந்தார்கள். பிரித்துப் படித்து, மகன் வெளிநாட்டில் வேலையில் இருப்பதை எழுத்தில் கொடுத்து, தவணையைச் சிறியதாக்கக் கேட்டிருந்தால் பெரும்பாலான கிளைகளில் பேசுவார்கள்.

கணக்கு

ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைப்போம். கிளம்பும்போது 1,18,000. மூன்று மாதம் கட்டில் இடத்துக்கு 400, சாப்பாட்டுக்கு 350 வீதம் 2,250 திர்ஹம், அதாவது 51,750. இருபத்து மூன்று நாள் அபராதம் 1,150 திர்ஹம், 26,450. பின்னால் எடுத்த சான்றொப்பமும் கூரியரும் 11,000. கூட்டினால் 2,07,200. வேலை கிடைத்தபின் மாதம் 800 திர்ஹம், 18,400 ரூபாய், அனுப்பினான். போட்ட பணம் மட்டும் திரும்ப பதினோரு மாதத்துக்கு மேல் ஆகும். நகை வட்டியும் கடன் தவணையும் இதில் இல்லை. காத்திருந்த மூன்று மாதமும் அபராதமும் சேர்ந்து 78,200. அசல் கையில் இருந்திருந்தால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

வரிசையை மாற்றினால் பத்து வாரம் பிடிக்கும். முதல் வாரம் அசலைக் கேட்டுக் கடிதம், கூடவே இடைவெளி விண்ணப்பம். அசல் வந்ததும் சான்றொப்பத்துக்கு அனுப்புவது. இதுதான் நீளும், ஒரு மாதத்துக்கு மேலாகலாம். அந்த இடைவெளியில் பாஸ்போர்ட் பெயர், வங்கிக்குத் தகவல். மாமா அங்கே கடைக்காரரிடம் பேசுவது அதற்குப் பிறகு. வேலை உறுதிக் கடிதத்தை இங்கே ஊரில் உட்கார்ந்து தமிழில் படித்து ஒப்புக்கொண்டு, வேலை நுழைவு அனுமதியில் விமானம் ஏறுவது. வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அந்த 60,000 'வேலை உறுதி'ப் பணத்தை இந்த வழியில் கேட்கவே ஆளிருக்காது.

மற்ற நாடுகளுக்கு வரிசை சற்று மாறும். கத்தாருக்குச் சென்னையிலுள்ள அந்நாட்டு விசா மையத்திலேயே மருத்துவம், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து மூன்றும் முடிந்துவிடும், ஏமாற்ற இடம் குறைவு. சவூதி 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டிலை ஏற்கிறது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற தொழில்களுக்கு இங்கேயே திறன் தேர்வு வைக்கிறார்கள். அங்கே பயப்பட வேண்டியது 'ப்ரீ விசா'. கபில் (ஸ்பான்சர்) ஒருவர் பெயரில் இக்காமா (வசிப்பு அனுமதி), வேலை வேறிடத்தில். இது சட்டவிரோதம், கபில் கோபித்தால் 'உருப்', அதாவது ஆள் ஓடிவிட்டான் என்ற புகார், போட்டுவிடுவார். சட்டப்படி முதலாளி கட்டவேண்டிய வேலை அனுமதிக் கட்டணம், நிறுவனத்தைப் பொறுத்து மாதம் 800 ரியால்வரை, ஆண்டுக்கு 9,600. இக்காமா புதுப்பிக்க 650. ப்ரீ விசாக்காரர் இந்த 10,250 ரியாலையும் தன் பையிலிருந்து கட்டுவார்.

தாய்லாந்தில் கணினி வேலை என்று வரும் அழைப்புகளைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம். 2022இல் அப்படிப் போய் மியான்மரின் மியாவடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். ஓரளவு படித்த, கணினி தெரிந்த பையன்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

ஓராண்டு கழித்து நம் பையனிடம் அறைத்தோழர் ஒருவர் 'ஒரே சிட்டிங்கில் பி.இ.' என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். தொலைநிலையில் எடுக்கும் பொறியியல் பட்டத்துக்கு அங்கீகாரம் கிடையாது, 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சவூதியிலும் அமீரகத்திலும் பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகம்வரை சரிபார்க்கிறார்கள், போலி என்றால் சிறை. பையன் அந்த எண்ணை அழித்துவிட்டான். சான்றொப்பம் முடிந்த பிளஸ் டூ இப்போது கையில் இருக்கிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அதே கடைக்காரர் ஐந்தாவது தட்டுக்கு மாற்றுவதாகச் சொல்கிறார். வாய்ச்சொல்தான், எழுத்தில் இல்லை.

பிரச்சினை வந்தால் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம் உண்டு, 80046342, அங்கிருந்து கட்டணமில்லை. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறையின் எண் 1800 309 3793. சார்ஜாவில் இருந்த எண்பத்து மூன்று நாளில் பையன் இரண்டுக்கும் பேசவில்லை. விசிட்டில் வந்தவன் பேசலாமா என்ற பயம். பேசலாம்.

தங்கை இப்போது பிளஸ் டூ. முதல் பட்டதாரி சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் பெயரில் ஏற்கெனவே வாங்கியிருப்பதால், படிப்பு நின்ற விவரத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போதே கேட்டுவைக்கச் சொல்லியிருக்கிறோம். கல்லூரியில் சேரும் நாளில் அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிவர வேண்டும். கொடுக்க மறுத்தால், எந்தெந்த அசல் அவர்களிடம் இருக்கிறது என்று முத்திரையோடு ஒரு ரசீது கேட்க வேண்டும். அம்மா அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதே மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறார்.